திரும்பமாட்டேன் என்று ஒரு கையெழுத்து

“நீங்க போனீங்கன்னு எழுதித் தரலாம். வந்துட்டீங்கன்னும் எழுதித் தரலாம். இனிமே போகமாட்டீங்கன்னு நான் எப்படி எழுதுறது, வாத்தியாரே?” என்று மணியக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வெளிநாட்டு வாத்தியார் வேலையில் கஷ்டமான பகுதி பாடம் நடத்துவது அல்ல. வேலையை விட்டுவிட்டேன் என்று நம்பவைப்பது. உங்களில் யாராவது என்னைப் போல ஒப்பந்தம் முடியுமுன் கப்பலேறி வந்திருந்தால் இதற்குள் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்தேன். மாதாமாதம் என் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, நிர்வாகமும் தன் பங்கைச் சேர்த்து, சேமநிதிப் பண்டில் போட்டார்கள். அப்பா இறந்த தந்தி வந்ததும் புறப்பட்டு வந்துவிட்டேன். கிழவனான பிறகு அந்தப் பணம் தானாக வரும். முன்னாலேயே வேண்டுமானால், அந்த நாட்டுக்கு இனித் திரும்புவதில்லை என்று எழுதிக்கொடுத்து, ஊர் அதிகாரியின் சான்றும் வைத்து, திரும்பிப் போவதற்காகக் கையில் இருக்கும் பர்மிட்டையும் ஒப்படைக்க வேண்டும்.

எனக்கு முன்னாலேயே வேண்டியிருந்தது. தங்கை செல்லத்துக்குக் கொடும்பாளூரில் மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. பேசிய நகைக்கு அந்தப் பண்டைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்ததே, மலாயா மச்சான் திரும்பிப் போகும்போது மாப்பிள்ளையையும் கூட்டிப் போவான் என்ற நம்பிக்கையில்தான். ஆத்தா அப்படித்தான் சொல்லியிருந்தாள். நான் மறுக்கவில்லை. ஆக, நகை வேண்டுமானால் நான் போகக்கூடாது. மாப்பிள்ளை வேண்டுமானால் போக வேண்டும்.

மணியக்காரரிடம் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துக்கொடுங்கள் என்று கேட்டேன். விசாரிக்காமல் ஒரு வரி எழுதிப் பழக்கமில்லாதவர் அவர்.

“தலையாரியை அனுப்புறேன். ஊரு சொல்லட்டும், நான் எழுதுறேன்.”

எந்த வகுப்பு?

அப்போது திருக்கோகர்ணத்தில் ஒரு பள்ளியில் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசவ விடுமுறையில் போன டீச்சரின் இடம். நாற்காலியில் உட்காரப் பிடிக்காது. பாடம் நடத்தும்போது ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். தோட்டத்தில் இருந்தபோது ஓயாத மழையைத் திட்டுவேன். கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் பிள்ளைகளுக்கு என் குரல் கேட்காது. இங்கே வானம் வெறுமனே கிடந்தது, என் குரல் கடைசி பெஞ்சையும் தாண்டிப் போனது, அதுவும் பிடிக்கவில்லை.

நிரந்தர இடம் ஒன்று காலியானபோது தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். அவர் நல்ல மனிதர். தோட்டத்துப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் தாய் பிள்ளையை எத்தனை மணிக்குப் பள்ளியில் விடுகிறாள் என்றெல்லாம் ஆர்வமாக விசாரித்தார். நானும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் சிரித்தார்.

“இவ்வளவு ஆசையா பேசுறீங்களே சார், ஒங்களை நம்பி நான் எந்த கிளாஸைக் கொடுக்கிறது?”

ஊர் சொன்னது

தலையாரி வேலையை ஒழுங்காகச் செய்தார். டீக்கடை, களத்துமேடு, ஊருணிக்கரை என்று ஓர் இடம் விடவில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: வாத்தியார் இனி மலாயாவுக்குப் போகமாட்டாராமே, நிசந்தானா?

எங்கள் பக்கத்தில் கடல் கடந்து போய் வந்த ஒருவனைப் பார்த்து, இனி நீ போகமாட்டாய் என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். துரத்திவிட்டார்கள் என்றோ, ஏதோ தப்புச் செய்து ஓடி வந்துவிட்டான் என்றோ அர்த்தமாகிவிடும். அதனால் ஊரே ஒன்றுகூடி என் மானத்தைக் காப்பாற்றியது. அவரு ஏன் போகமாட்டாரு என்று டீக்கடைக்காரர் சண்டைக்குப் போயிருக்கிறார். அடுத்த மாதமே கப்பல் என்று ஒருவர் சொன்னாராம். என்னைப் பற்றி வாழ்நாளில் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத பங்காளிகூட, தோட்டத்துத் துரை தன் கையாலேயே கடிதம் எழுதிக் கூப்பிட்டிருக்கிறார் என்று சாட்சி சொல்லியிருந்தார்.

தலையாரி வாசலில் வந்து நின்றபோது அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி.

“ஒங்களைப் பத்தி ஒரு கெட்ட சொல்லு இல்லீங்க. போகமாட்டாருன்னு ஒருத்தர் வாயிலேர்ந்தும் வரலை.”

கொடும்பாளூர்க்காரர்

பதில் நல்லபடியாகத்தான் வந்தது, ஆனால் கேள்வியும் ஊர் ஊராகப் போயிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு, மழையில்லாததைப் பற்றியும் கடலை விலையைப் பற்றியும் பேசினார். ஆத்தா கொடுத்த காபியைத் தொடவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“போறீங்களா, இல்லையா? ஒத்த வார்த்தை சொல்லுங்க தம்பி.”

வாய்க்குள் இரண்டு பதிலும் இருந்தன. கல்யாணத்துக்காக மட்டுமல்ல, எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை. பர்மிட்டை வாரத்துக்கு ஒரு முறை எடுத்துத் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தா முந்திக்கொண்டு, போவான் போவான் என்றாள். அவர் ஆத்தாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லம் அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். பெண் கேட்டு வந்தவர் முன்னால் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. பேசியதும் அவரிடம் அல்ல, என்னிடம்.

“போகமாட்டேன்னு சொல்லுங்கண்ணே. நீங்க கப்பலேறிப் போயி அப்பா மொகத்தைக்கூடப் பாக்கலை. இன்னொருத்தரையும் அனுப்பி வச்சுட்டு நான் தபால்காரரைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா?”

எழுதின கை

போகமாட்டேன் என்று சொன்னேன். சொன்னது என் குரல் மாதிரியே இல்லை. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். ஆத்தா அவர் தொடாத காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். செல்லம் வழக்கம்போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

சாயங்காலம் தலையாரி வந்து கூப்பிட்டார். போனால், மணியக்காரர் சான்றை எழுதி, முத்திரை குத்தி, ஈரம் காயட்டும் என்று விசிறிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததை அவரே சொன்னார். கொடும்பாளூர்க்காரர் மத்தியான பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், பொறுக்கமுடியாமல் மணியக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். இவன் மலாயாவுக்குப் போகிற ஆளே இல்லை, அத்தனையும் பொய், ஏமாற்றிவிட்டார்கள், இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன் என்று கத்தியிருக்கிறார். எங்கேயும் போகவேண்டாம், இங்கேயே சொல்லுங்கள் என்று மணியக்காரர் பாய் போட்டு உட்காரவைத்து, சொன்னதை எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுவிட்டார்.

கல்யாணம் நின்றுவிட்டது என்று அவரிடம் சொன்னேன். விசிறியைக் கீழே வைத்தார்.

“ஊரு பூராவும் ஒங்க நல்லதுக்குப் பேசுச்சு, என்னால ஒரு வரி எழுத முடியலை. ஒரு ஆளு கோவத்துல பேசினாரு, எழுதிட்டேன்.”

கல்யாணம் நின்றாலும் செல்லத்துக்காகச் சொன்ன சொல் நிற்கட்டும் என்று, மறுநாள் புதுக்கோட்டை தபாலாபீசில் எல்லாவற்றையும் உறையில் போட்டு, பர்மிட்டையும் மேலே வைத்து ஒட்டி, ரிஜிஸ்தர் செய்தேன். மலாயாவில் வேலைக்குச் சேர என் ஒரு கையெழுத்து போதுமாயிருந்தது. அதை விடுவதற்கு ஓர் ஊரும் ஒரு கல்யாணமும் தேவைப்பட்டன.

வீட்டுக்குள் நுழைந்தபோது செல்லம் என் தகரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி, அப்பாவின் வேட்டி கிடந்த கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.