நீச்சல் தெரியாத இரண்டு பேர்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் மலேசியாவில், சுங்கை வேயில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தோம். எனக்குப் பக்கத்திலேயே ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். என் வீட்டுக்காரர் பெட்டாலிங் ஜெயா பங்களாக்களில் நீச்சல் குளம் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தார். ஒருநாள் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து கால் உடைந்துவிட்டது. மாவுக்கட்டோடு படுத்துவிட்டார். ஆள் வராவிட்டால் அந்த வீடுகளை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவருடைய சீன முதலாளி சொல்லிவிட்டார். அதனால் நான் போக ஆரம்பித்தேன்.

வேலையைப் படுத்த படுக்கையிலிருந்தே சொல்லிக்கொடுத்தார். முதலில் நீளக் கம்பில் மாட்டிய வலையால் மிதக்கிற இலைகளை அள்ள வேண்டும். ஓரத்து ஓடுகளில் பிடித்திருக்கும் பாசியைப் பிரஷால் தேய்க்க வேண்டும். பிறகு இன்னொரு கம்பின் நுனியில், உறிஞ்சுகிற வேக்குவம் தட்டை மாட்டி, தரையில் படிந்த மண்ணை மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மண் கலங்கி, செய்ததெல்லாம் வீணாகும். குளோரின் தூளை வாளித் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஆழமான பக்கம் பார்த்து நில்லு லா, உனக்கு நீச்சல் தெரியாது" என்றார். அவருக்கும் தெரியாது. வருஷக் கணக்காகக் குளம் கழுவினாலும், ஒருநாளும் அவர் அதற்குள் இறங்கியதே இல்லை.

காலையில் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, மகளைப் பள்ளிக்கு அனுப்பி, அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு மினி பஸ் பிடிப்பேன். நின்றுகொண்டே தூங்குவேன். கண்டக்டர் தோளைத் தட்டி இறக்கிவிடுவார். சாயங்காலம் கொஞ்ச நேரம் கண்ணை மூடினால், அதற்குள் அடுத்த ஷிப்டுக்கு நேரமாகிவிடும். அப்போது உடம்பு என்னுடையது மாதிரியே இருக்காது. யாருடைய கையையோ காலையோ இரவல் வாங்கி வேலை செய்கிற மாதிரி இருக்கும்.

அந்த வீடுகளில் ஒன்று, யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு அம்மாவுடையது. கணவர் அரசாங்க உத்தியோகத்தில் பெரிய பதவியில் இருந்து காலமானவர். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். அவ்வளவு பெரிய வீட்டில் அவர் மட்டும் தனியாக இருந்தார். எப்போதும் கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தடித்த மூக்குக்கண்ணாடி. வெளியே வரமாட்டார். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று, "அந்த மூலையில பாசி இருக்கு, தெரியேல்லையே?" என்று மட்டும் கேட்பார். நான் "சரிங்க ஆன்டி" என்பேன். எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

அன்றைக்கு முந்தின நாள் மாலை பெரிய புயல் மழை. நான் போனபோது குளம் முழுவதும் இலையும் பூவும் சுள்ளியுமாக, தண்ணீர் பச்சையடித்துக் கிடந்தது. இலையை அள்ளி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. காலையில் ஒரு வாய் டீயைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆழமான பக்கத்தில் நின்று வேக்குவம் இழுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் வெயில் பட்டு ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததுதான் ஞாபகம். நின்றபடியே தூங்கினேனா, மயங்கினேனா, இன்றுவரை தெரியாது.

முகத்தில் தண்ணீர் அறைந்ததும்தான் விழித்தேன். கால் தரையைத் தேடியது, தரை இல்லை. வாயைத் திறந்தேன், குளோரின் தண்ணீர் தொண்டையை எல்லாம் எரித்துக்கொண்டு உள்ளே போனது. ஒருதரம் மேலே வந்தேன், கத்த முடியவில்லை. மறுபடி கீழே போனபோது கண்ணுக்கு நேராக நீல ஓடுகள். மகளுக்குக் கதவைத் திறக்கக்கூட வீட்டுக்காரரால் எழுந்திருக்க முடியாதே என்ற நினைப்புதான் வந்தது. பயத்தை விட, அப்பாடா, கையை ஆட்டாமல் விட்டுவிடலாமா என்ற ஒரு சோர்வும் வந்தது. அதைத்தான் இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

அப்போது என் தலைமேல் ஏதோ வந்து கவிழ்ந்தது. இலை அள்ளுகிற வலை.

"பிடி பிள்ளை! பிடி! விடாதை!"

வலையின் வளையத்தைப் பிடித்தேன். அது வளைந்து கிழிந்தது. கை வழுக்கிக் கம்பைப் பிடித்துக்கொண்டது. மேலே அந்த அம்மா ஈர ஓடுகளின் மேல் வயிறு படக் குப்புறப் படுத்திருந்தார். ஒரு காலைக் குளத்து ஏணியின் கம்பிக்குள் கோத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பை இழுத்தார். அவ்வளவு மெலிந்த உடம்பில் அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. ஏணி கைக்கு எட்டியதும் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். நான் மேலே வந்து விழுந்து, குடித்த தண்ணீரை எல்லாம் கக்கினேன்.

இரண்டு பேரும் அப்படியே தரையில் கிடந்தோம். அவருடைய முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "எனக்கும் நீந்தத் தெரியாது, பிள்ளை" என்றார்.

அவர் முகத்தில் கண்ணாடி இல்லாததை அப்போதுதான் கவனித்தேன். குளத்தின் அடியில் கிடந்தது. நான் பதறி எழுந்து கம்பை எடுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அது கிடக்கட்டும். ஆள் தப்பினதே காணும்." அவர்கள் பேச்சில் காணும் என்றால் போதும்.

உள்ளே அழைத்துப் போய்த் தன்னுடைய ஹவுஸ்கோட்டைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். ரொட்டியும் சூடாக ஒரு கப் மைலோவும் வைத்தார். கண்ணாடி இல்லாமல் சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தார்.  முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். "அந்த ஆளுகிட்ட சொல்லிடாதீங்க ஆன்டி" என்றேன்.

"நான் ஏன் சொல்லப்போறன்? நீ எப்ப கடைசியா நித்திரை கொண்டனி?"

அழுதுவிட்டேன். விழுந்ததற்கு அழவில்லை. அந்தக் கேள்வியை அதுவரை யாருமே என்னிடம் கேட்டதில்லை. வீட்டுக்காரர் கால், மகள் பள்ளி, ராத்திரி ஷிப்ட் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஹாலில் இருந்த பிரம்பு நாற்காலியைக் காட்டி, "அதில சாஞ்சு படு. பள்ளிக்கூடம் விடுறதுக்கு முதல் எழுப்பி விடுறன்" என்றார். சொன்னபடியே எழுப்பினார்.

கிளம்பும்போது, யாரும் குளிக்காத இந்தக் குளத்தை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகளுக்காகக் கணவர் கட்டியதாம். "தண்ணியைச் சும்மா விட்டா நுளம்பு பெருகிக் கடிக்கும். மண் போட்டு மூடவும் மனம் வரேல்லை" என்றார்.

அடுத்த வாரம் நான் போனபோது குளத்தோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தது. பக்கத்தில், காற்றடித்த ஒரு பழைய லோரி டியூப். டயர் கடையில் சொல்லி வாங்கினாராம். அதில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை ஏணியில் முடிந்திருந்தார். புதுக் கண்ணாடியோடு, கஞ்சி போட்ட சேலையோடு அந்த டியூபின் அருகில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்பார். நடுநடுவே தலையைத் தூக்கி, "இந்தப் பக்கம் இன்னும் பாசி கிடக்கு" என்பார். மழை தூறினால் குடையை விரித்துக்கொண்டு அங்கேயே இருப்பார்.

வீட்டுக்காரர் கால் சரியாகித் திரும்ப வேலைக்குப் போகும்வரை இப்படியே நடந்தது. அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இப்ப நித்திரை கொள்ளுறியோ?" என்றுதான் கேட்டார். பிறகு அவர் தன் மகளோடு இருக்க வெளிநாடு போய்விட்டதாகவும், வீடு கைமாறிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். அதன் பிறகு பார்க்கவில்லை.

என் களைப்பு அன்றோடு தீர்ந்துவிடவில்லை. வீட்டுக்காரர் கால் மழைக்காலத்தில் வலித்துக்கொண்டேதான் இருந்தது, நானும் பல வருஷம் அந்த ஷிப்டிலேயே இருந்தேன். ஆனால் தனியாகக் களைத்துப்போவது வேறு, ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது களைத்துப்போவது வேறு என்று எனக்குக் காட்டியவர் அந்த அம்மாதான். அதனால்தான் இன்றைக்கும் யாராவது சோர்ந்து தெரிந்தால், என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்னால், கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று கேட்கிறேன்.