பெல்ட் போட்டுக்கொண்டு போன மூட்டை

வீடு மாறுகிறவர்கள் பீரோவை லாரியில் ஏற்றுவார்கள், சாமி படத்தை மடியில் வைத்துக்கொள்வார்கள், ஓடுமா ஓடாதா என்று தெரியாத பழைய காரை மட்டும் என்னைப் போல ஒருத்தன் தலையில் கட்டுவார்கள். ஊர் விட்டு ஊர் கார் கொண்டு போய் விடுகிற சகபாவிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் பட்டதைக் கேளுங்கள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

சாவியோடு வந்த சங்கடம்

செவிலிமேட்டு சண்முகம் அண்ணன் பட்டு நெய்கிறவர். ஐதராபாத்தில் புதிதாகக் கடை போடுகிற ஒரு ஜவுளிக்காரர், ஜனங்கள் கண் முன்னால் தறி ஓடவேண்டும் என்று அவரைக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை கடை திறப்பு. அன்றைக்குத் தறி ஓடவில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டார். தறிக்கட்டை லாரியில் போயாச்சு. அண்ணனும் அவர் சம்சாரம் செல்வி அக்காவும் ரயிலில். பழைய வெள்ளைக் கார் என்னோடு.

அண்ணனிடம் சாவியை வாங்கிப் பின் கதவைத் திறந்தவன் அப்படியே பின்வாங்கினேன். சீட்டில் நீளமாக, வெள்ளை வேட்டியில் சுற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, பெல்ட் வேறு போட்டு எதையோ கிடத்தியிருந்தார்கள். சத்தியமாகப் பிணம் என்றுதான் நினைத்தேன். "தறியில இருந்து கழட்டினதுபா. உள்ள ஆயிரக்கணக்குல இழை கோத்து இருக்குது. அங்க போயி புதுப் பாவு நூலை இதுலதான் இழை இழையா பிணைக்கணும். இது போச்சுன்னா மறுபடி கோக்கறதுக்குள்ள வெள்ளிக்கிழமை தாண்டிடும்" என்றார். லாரியில் நசுங்கும், ரயிலில் மிதிப்பார்கள் என்று என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார். நான் கூரம் கிராமத்தில் ஏர் ஓட்டின குடும்பம். தறியில் எதற்கு என்ன பேர் என்று எனக்கென்ன தெரியும்? சரி சரி என்று தலையாட்டினேன். அவர் விடவில்லை. "பள்ளம் வந்தா நீ எகிறு, கார் எகிறட்டும், அது மட்டும் எகிறக்கூடாது!"

எல்லையில் பிடித்த சனி

திருத்தணி தாண்டி ஆந்திரா எல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்த போலீஸ்காரருக்கு முகம் வெளிறிப் போனது. ஒரே கூச்சல். என்னைச் சுற்றி நாலு பேர். எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஓடிவிட்டது. "பட்டு சீர, பட்டு சீர" என்று புடவை கட்டுகிற மாதிரி ஜாடை காட்டினேன். பட்டுப்புடவை கட்டின பொம்பளையா என்று அவர்கள் இன்னும் மிரண்டார்கள்!

வேட்டி முனையை விலக்கி, சீப்புப் பல் மாதிரி கம்பிகளையும் தொங்குகிற நூலையும் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். அதோடு விட்டார்களா? என் சீட்டு பெல்ட் அறுந்து போய் ரொம்ப நாளாகிறது. அந்த போலீஸ்காரர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அரைகுறைத் தமிழில் கேட்டார்: "இதுக்கு பெல்ட் போட்டிருக்கே, உனக்கு எங்கய்யா?"

நல்ல தமிழில் சொன்னேன்

கர்னூல் தாண்டினதும் டமார் என்று ஒரு சத்தம். கார் ஒரு பக்கம் சாய்ந்து தரையை உரசிக்கொண்டு நின்றது. பின்சக்கரம் கோணிக்கொண்டிருக்கிறது. ஆக்சில் போச்சு. அண்ணனுக்குப் போன் போட்டேன். ஆக்சில் என்றால் அண்ணனுக்குப் புரியுமோ புரியாதோ, நல்ல தமிழில் சொல்வோமே என்று, "அண்ணே, அச்சு முறிஞ்சிடுச்சுண்ணே" என்றேன்.

அந்தப் பக்கம் "ஐயோ" என்று ஒரு அலறல். போன் கீழே விழுகிற சத்தம். செல்வி அக்கா எடுத்து, "அவரு தரையில உக்காந்துகினாரு தம்பி" என்று அழுதார்கள். ஒரு ஓட்டைக் காருக்கா இத்தனை ஒப்பாரி? "அழாதீங்கக்கா, இங்க பழைய இரும்புக் கடையில கிடைக்கும். இல்லாட்டி இதையே வெல்டிங் வச்சி ஓட்டிடலாம்" என்று தைரியம் சொன்னேன். அக்காவுக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. "நூலுக்கு வெல்டிங் வைப்பியா தம்பி நீ?"

மடியில் வந்தது

அப்போதுதான் உறைத்தது. பின் சீட்டில் படுத்திருக்கிற அந்தப் பொருளுக்கும் தறிக்காரர்கள் அச்சு என்றுதான் சொல்வார்களாம்! முறிந்தது காரோடது என்று கத்திக் கத்திப் புரியவைத்தேன். கதவைத் திறந்து பார்த்தால் மூட்டை பெல்ட்டுக்குள்தான் இருந்தது. ஆனால் அந்தக் குலுக்கலில் உள்ளே என்ன ஆனதோ, யார் கண்டது? "பிரிக்காதபா. அப்படியே தூக்கிக்கினு பஸ் ஏறு" என்றார் அண்ணன். காரை ஒரு டீக்கடைக்காரர் கண்ணில் படும்படி விட்டுவிட்டு, மூட்டையை மடியில் கிடத்திக்கொண்டு ஐதராபாத் வரை காலை நீட்டாமல் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் குங்குமத்தைப் பார்த்துவிட்டு எழுந்து பின்னால் போய்விட்டார்.

கடை வாசலிலேயே நின்றிருந்தார் அண்ணன். வேட்டியைப் பிரித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலை ஓட்டினார். ஒரு இழைகூடப் போகவில்லை. மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பிறகு அங்கேயே உட்கார்ந்து பிணைக்க ஆரம்பித்துவிட்டார். நான் மெதுவாக, "அண்ணே, கார் கர்னூல்கிட்ட ரோட்டோரமா நிக்குதே, இன்னா பண்றது?" என்றேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டார்: "எந்தக் காருப்பா?"

கார் கொண்டு போய் விடுகிற தொழிலில், காரே இல்லாமல் போய்ச் சேர்ந்து, வெள்ளிக்கிழமை தறி ஓடினதையும் பார்த்து, கடை திறப்புக்கு இலை போட்டு வடை பாயசத்தோடு விருந்து சாப்பிட்டுவிட்டு வந்த டிரைவர் எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான்.