அல்லிக்குளத்தில் ஒரு கை தண்ணீர்

மாதவியின் கைகள் பையை அடுக்கிக்கொண்டிருந்தன. அவசரத்துக்கு வைக்கும் தண்ணீர் பாட்டில் அடியில். மேலே மாற்று வேஷ்டி, இரண்டு துண்டு, ரப்பர் ஷீட், மாத்திரை டப்பா. முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாலும் வேண்டியது அகப்படும்.

வெளியே கிளம்பும் நாளில் காலைக் காபியோடு சரி. பாலிகஞ்ச் வீட்டுக்குத் திரும்பும்வரை ஒரு சொட்டு குடிக்க மாட்டாள். பஸ் பிடித்து டியூட்டிக்கு ஓடிய காலத்துப் பழக்கம். பாங்க் மேனேஜராக இருந்த கணவர் சிவராமகிருஷ்ணனுக்கு இரண்டு வருஷம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பாதிப் பேச்சும் போயின. அன்றிலிருந்து அந்த விதி அவருக்கும் சேர்த்துத்தான்.

"ஜ... ஜலம்" என்றார்.

"அங்க பாத்ரூம் எப்படி இருக்குமோ. ரெண்டு படி இருந்தாக்கூட உங்களை யார் தூக்கறது? வந்து குடிச்சுக்கலாம்."

பழைய பாங்க் நண்பர் ஜெய்ராம் வேன் ஏற்பாடு செய்திருந்தார். கார்டன் ரீச் பகுதியைத் தாண்டி, ஆற்றோரத்தில் ஒரு தோட்டம். நூறு வருஷம் முன்பு ஓர் ஆங்கிலேயச் சணல் வியாபாரி போட்டது. மிஷினில் செய்த எதுவும் உள்ளே வரக்கூடாது என்று வாசற்கதவின் இரும்புக் கொடிகளைக்கூடக் கொல்லனை வைத்து அடிக்கச் சொன்னானாம். பாதையில் செங்கல்லை மீன்முள் போலப் பதித்திருந்தார்கள். ஜெய்ராம் அதைப் புகழ்ந்துகொண்டு வந்தார். மாதவிக்குச் சக்கர நாற்காலி அதில் குதிப்பதுதான் தெரிந்தது.

நடுவில் அல்லிக்குளம். கரை நாற்காலிக் கைப்பிடி உயரம். தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அங்கே பிரேக் போட்டு நிறுத்தினாள்.

"மாமி, மாமா வேஷ்டில ஒரு கறை உண்டா? எங்க மாமியாரைப் பாத்துக்க நான் உங்ககிட்டதான் கத்துக்கணும்" என்றாள் ஜெய்ராமின் மனைவி லதா.

"ஒண்ணுமில்ல. எல்லாம் டயத்துக்குப் பண்ணணும், அவ்வளவுதான்."

லதாவுக்கு விளக்கமாகச் சொல்லத் திரும்பி நின்றாள். முதுகுப்பக்கம் தண்ணீர் சலசலத்தது.

அவர் இடப்பக்கம் சரிந்து, இடது கையால் பச்சைத் தண்ணீரை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வாய். இன்னொரு வாய். அல்லி இலை ஒன்று மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. தோட்டக்காரர் ஓடிவந்து, "மாஷிமா, நல்ல தண்ணி கொண்டு வரட்டுமா?" என்று மாதவியிடம் வங்காள மொழியில் கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. லதா அல்லிப்பூவையே பார்த்தாள்.

மாதவி பைக்குள் கைவிட்டாள். பாட்டில் அகப்படவில்லை. ரப்பர் ஷீட், துண்டு, வேஷ்டி எல்லாம் செங்கல்மேல் விழுந்த பிறகுதான் வந்தது. முழு பாட்டிலையும் அவர் குடித்து முடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் சிவராமகிருஷ்ணன் வேனை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். ஜெய்ராமும் டிரைவரும் இறக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சாலையோரம் ஒன்றுக்குப் போய் ஏற மூன்று நிமிஷம்தான் ஆயிற்று. வார்டில் எந்த ஆயாவாவது ஒரு நோயாளியை இப்படிக் காயப்போட்டிருந்தால், மாதவி அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பியிருப்பாள். பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அவர் விழிக்குமுன் ஸ்டூலைக் கட்டிலின் இடப்பக்கம் இழுத்துப் போட்டாள். சமையலறை ஜாடியில் தண்ணீரைத் தளும்ப நிரப்பி அதன்மேல் வைத்தாள். மூடியைக் கழற்றி, கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.