கொடைக்கானல் என்று நான் எழுதிய மலை

1. பேர் வைத்தது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசியில் ஒரு லித்தோ பிரஸ்ஸில் ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். அச்சுக் கல்லில் எழுத்தை இடவலம் மாற்றி எழுத வேண்டும், தாளில் நேராக விழும். பன்னிரண்டு வருஷம் இதே வேலை. எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் தடங்கலில்லாமல் வாசிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காலண்டர் சீசனில் ஒரு போட்டோ வந்தது. மலை, மேகம், மண் ரோடு, ஓரத்தில் ஒரு ஆடு மேய்க்கிற ஆள். எந்த ஊர் என்று குறிப்பே இல்லை.

"பேரு என்ன போட?" என்று மானேஜரைக் கேட்டேன்.

"மலை இருக்கு, மேகம் இருக்கு. கொடைக்கானல்னு போடும்வே. யாரு போயி பாக்கப் போறா?"

நானும் அழகாக வளைத்து வளைத்து 'கொடைக்கானல்' என்று எழுதினேன்.

2. போய்ப் பார்த்தவள்

ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டாள். காலண்டருக்குத் தகரப்பட்டை அடிக்கிற செக்‌ஷனில் செல்லத்தாயி என்று ஒரு பொம்பளை. ஆமத்தூர்க்காரி. ரெண்டு நாள் லீவு போட்டவள், மூன்றாம் நாள் காய்ந்துபோன முகத்தோடு என் மேஜைக்கு வந்தாள். கையில் அந்தக் காலண்டர்.

"அண்ணாச்சி, கொடைக்கானல் பூராச் சுத்திட்டேன். இந்த எடம் அங்கன இல்லையாம். எங்கன இருக்கு, சொல்லுங்க."

"உனக்கு எதுக்குத்தா?"

"இந்த ஆடு மேய்க்கிறது எங்க வீட்டு ஆளு."

அவள் புருஷனுக்குப் பட்டாசு ஆலையில் மருந்து தீப்பிடித்து வலது கை முழங்கையோடு போய்விட்டது. ஆறு மாசம் வீட்டில் கிடந்தவர், "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எங்கேயோ போனவர்தான். மூணு வருஷமாகத் தகவல் இல்லை.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். படத்தில் இருந்தவனுக்கும் ஒரு கை இல்லை. ஆனால் இல்லாதது இடது கை.

"உங்க வீட்டுக்காரருக்குப் போனது வலது கைல்ல? இது வேற ஆளுத்தா."

"கை என்னமோ இருந்துட்டுப் போகட்டும். நிக்கிற நிப்பு அவுகதேன். எனக்குத் தெரியாதா?"

செக்‌ஷனே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. "கொடைக்கானல்னு நீங்கதான எழுதுனீக? அப்ப நீங்கதேன் தேடித் தரணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு மண்டையில் நச்சென்று அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கே முடிவு பண்ணினேன், அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று.

3. நாலு மைல்

அசல் போட்டோவை வாங்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ரோட்டோரத்தில் ஒரு மைல்கல். முன்எழுத்துகளை ஆவாரஞ்செடி மறைத்திருந்தது. கடைசியில் 'குடி', கீழே 4. மலையடிவாரத்தில் குடி என்று முடிகிற ஊர் என்றால் எனக்குத் தெரிந்து புளியங்குடிதான். ஆனால் இங்கிருந்து வாசுதேவநல்லூர் வழியாகப் போனால் மலை வலது பக்கம் வரும். படத்தில் மலை இடது பக்கம். சரி, அப்படியென்றால் புளியங்குடிக்கு அந்தப் பக்கம், கடையநல்லூரிலிருந்து வடக்கே வருகிற ரோடாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். புளியங்குடியையும் தாண்டிப் போய் இறங்கி, வெயிலில் நடந்து நாலாவது மைல்கல்லைப் பிடித்தேன். மலை வேறே மாதிரி நின்றது. கண்ட ஆளிடமெல்லாம் போட்டோவைக் காட்டினேன். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அடுத்த ஞாயிறும் போனேன். அதே கதைதான். என் வீட்டுக்காரி, "உங்களுக்குப் புத்தி பிசகிருச்சு" என்றாள்.

இரண்டாம் தடவை திரும்பி வரும்போது பஸ்ஸில் லென்ஸை வைத்துப் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் வேடிக்கை பார்க்க வந்தார். லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, எழுத்தெல்லாம் கண்ணாடியில பாத்தாப்புல மாறிக் கெடக்கு?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படம் எடுத்தவன் நெகடிவ்வைப் புரட்டிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறான்! எழுத்து படிக்கத் தெரிந்த எவனும் பார்த்ததும் சொல்லிவிடுவான். கல்லில் மாற்றி மாற்றி எழுதிய நான் மட்டும், வலமிருந்து இடமாகப் படிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் படித்திருக்கிறேன். அட கூறுகெட்டவனே!

போட்டோவைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மலை வலது பக்கம் வந்தது, வாசுதேவநல்லூர் ரோட்டில் வருகிற மாதிரியே. அந்த ஆளைப் பார்த்தேன். இல்லாதது வலது கை.

"புளியங்குடிக்கு நாலு மைல் இருக்கிற கல்லுகிட்ட நிறுத்தும்" என்று கத்தினேன். ரெண்டு ஞாயிறும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். இறங்கிப் பார்த்தால் அதே மலை, அதே ஆவாரஞ்செடி. பக்கத்து எலுமிச்சைத் தோட்டத்தில் விசாரித்தேன். "ஒத்தக்கை ஆளா? இங்கனதான் காவலுக்கு இருக்காரு, ஆடும் மேய்ப்பாரு" என்றார்கள். தூரத்தில் இருந்தார். நான் கிட்டப் போகவில்லை. என்னைப் பார்த்து மறுபடி எங்கேயாவது ஓடிவிட்டால்?

4. ரோட்டோரத்தில்

மறுநாளே செல்லத்தாயியைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் நான், "சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோத்தா" என்று ரெண்டு தரம் சொன்னேன்.

அவளைக் கண்டதும் அந்த மனுஷன் துண்டை இழுத்து மொட்டைக் கையை மூடினார்.

"நான் ஊருக்கு வரமாட்டேன். நீ போயிரு" என்றார்.

"உங்களை யாரு வரச்சொன்னா? நான் வந்துட்டேன்" என்றாள். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு ஆடுகளைப் பக்கத்துத் தோட்டத்துக்குள் போகவிடாமல் விரட்டப் போனாள். அவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, இருக்கிற கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்து மானேஜரிடம் செல்லத்தாயி இனி வேலைக்கு வரமாட்டாள் என்றேன். அடுத்த லோடு படம் மேஜையில் கிடந்தது. "பேரு என்ன?" என்றேன். "ஏதாச்சும் போடும்வே" என்றார். "எனக்குத் தெரியாத ஊருக்கு நான் பேரு எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கோபப்பட்டார், படட்டும்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். லென்ஸ் வைத்திருந்தவன் நான், ஆனால் சரியாகப் பார்த்தவள் அவள்தான். உங்கள் மேஜைக்கு வந்து ஒரு ஆள் "எனக்குத் தெரியும்" என்று சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் உங்கள் கையில் இருப்பதை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.