அப்பாவின் மெடலில் அம்மா ஓட்டிய ஜரிகை

அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாலே அந்துருண்டை வாசனை மூக்கைத் துளைக்கும்...

அடியில் ஒரு சின்ன டப்பா. அதற்குள் ராணுவத்தில் அவர் வாங்கிய சேனா மெடல். வட்டமான வெள்ளி. எதற்காக வாங்கினார் என்று எங்களிடம் சொன்னதே இல்லை. கேட்டால், "அது கெடக்குதுமா, நீ போய்ப் படி." அவ்வளவுதான்.

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தபின், ஒரு குடியரசு தினத்துக்கு ஓரிக்கைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். மெடலோடு வரச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தால் ரிப்பன் நைந்து கிடந்தது!

அம்மா தறி நெய்கிறவள், சும்மா இருப்பாளா? சிவப்பு ரிப்பன், நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. எங்கள் ஊரில் பழைய சேலைகளில் ஜரிகையின் பொன் பூச்சு போய் வெளுத்திருக்கும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். தறியில் மிச்சமிருந்த சிவப்புப் பாவு நூலில், நடுவே பளபளவென்று பொன் ஜரிகை ஓட்டி, புது ரிப்பனே நெய்து மாட்டிவிட்டாள்.

விழாவன்று காலை அப்பா அதைப் பார்த்தார்... முகம் செத்துப்போனது. அவர் கத்தி நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

"யாருது இது? ரிப்பனைப் பாத்துதான் எந்த மெடல்னு சொல்லுவாங்க. நான் வாங்காதத நெஞ்சுல குத்திக்கினு போவச் சொல்றியா?"

அம்மா அரண்டுபோனாள். "வெளுத்துப்போச்சுன்னு நெனச்சேங்க... அழகாத்தானே இருக்குது?"

"அழகுக்கா குடுத்தாங்க? சுதந்திரம் வந்தப்புறம் நம்ம நாடே ஏற்படுத்துனது இது. சும்மா சர்வீஸ் போட்டவனுக்கெல்லாம் கெடைக்காது. தைரியமா எதனா செஞ்சிருக்கணும், இல்ல கடமையில உசுரா நின்னிருக்கணும். பனி சரிஞ்சப்ப ரெண்டு பேர இழுத்துக்கினு வந்தேன். மூணாவது ஆளு கை... என் கையிலேர்ந்து நழுவிடுச்சு."

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும், நம்புவீர்களா!

அம்மா அழுதுகொண்டே தறியில் உட்கார்ந்து, இந்த முறை வெள்ளைப் பட்டு ஓட்டி, திரும்ப நெய்தாள். அப்பா தாமதமாகத்தான் போனார். ஆனால் மெடலோடு போனார்.

அப்பா இப்போது இல்லை...

போன வாரம் போனில் எதையோ தேடினேன். பகீரென்றது. அதே மாதிரி போலி மெடல், அதே வெள்ளைக் கோடு, ஆன்லைனில் விற்பனைக்கு! மாறுவேடப் போட்டிக்காம். ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுமாம். அடப்பாவிகளா!

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இத வாங்குறவங்கல்லாம் யார இழுத்துக்கினு வந்தாங்களாம்மா?" என்றாள்.