உவன்

கொக்குவிலில் கூடைப்பந்துத் திடலோரம் சைக்கிள் கடை வைத்திருந்தார் ஒரு அண்ணை. ஆட்டம் தொடங்கினால், கிறீஸ் படிந்த கையைத் துடைக்காமலே வந்து வேலிக்கரையில் என் பக்கத்தில் நிற்பார். அந்த வருடம் எங்கள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பொடியன்களில் யார் திறம் என்று எங்களுக்குள் ஓயாத சண்டை. ஒருவன் கட்டை, மற்றவன் நெட்டை. நான் கட்டையன் பக்கம்.

"கட்டையன் நல்லா ஓடுறான்தான். ஆனால் கூடைக்குக் கீழை உவன் நெட்டையனைப் பாரும். உவன்ரை கைக்குப் போன பந்து தவறாது," என்பார் அவர்.

போட்டிகள் முடிய முதலே நெட்டையனின் வீட்டில் ஷெல் குண்டு விழுந்தது. அவன் தப்பவில்லை.

கொஞ்சக் காலம் கழித்து மறுபடி ஆடினார்கள். கட்டையன் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து, நெட்டையன் வழக்கமாக நிற்கும் இடத்தில், ஏந்த ஆளில்லாமல் விழுந்தது.

"நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணை. அவன்தான் திறம்," என்றேன்.

"ஓம். உவன் உந்தப் பந்தை விட்டிருக்கமாட்டான்," என்றார், அந்த இடத்திலிருந்து பார்வையை எடுக்காமல்.

செத்தவனை நாங்கள் அவன் என்போம். கண்முன்னே நிற்கிறவன்தான் உவன்.

நானும் கூடைக்குக் கீழே பார்த்தேன்.