கடைசியாக நல்லா இருந்த நேரம்

இது ஜோடித்த கதை இல்லை. ரந்தாவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், போன வருடம், பட்டப்பகலில் நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

ராசா என்ற ஊரைச் சேர்ந்த டாக்டர் நிலானி துரைசிங்கம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருபது வருடமாகப் பக்கவாதத்தை ஆராய்கிறவர். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், அந்த ரத்தக் கட்டியைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தோட்டத்து ஜனம் ஏன் நேரம் தாண்டியே வருகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கை கால் விழுந்தால் ‘காத்து அடிச்சிருச்சு’ என்று முதலில் பூசாரியைத் தேடுவோம். டாக்டர் லயம் லயமாக, எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் வந்து அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். புனிதா ஓடி வந்தாள்.

“டாக்டரம்மா, பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணனுக்குக் காத்து அடிச்சிருச்சு! பூசாரியக் கூப்பிட ஆள் போயிருக்கு!”

“காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. பூசாரி வந்தா தேத்தண்ணி குடுத்து உக்கார வைங்க. வீட்டக் காட்டும்மா.”

முனியாண்டி வீட்டு முன்னறையில் தரையில் கிடந்தார். வாய் கோணியிருந்தது. வலது கை துணி மாதிரி தொய்ந்து கிடந்தது. பேச்சு இல்லை.

“கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?”

டாக்டர் எங்கே போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். அந்த நேரம் தெரியாவிட்டால் ஊசி இல்லை.

புனிதா விழித்தாள். “நேத்து சாயங்காலம் பாத்தேன்லா...”

டாக்டர் உடைந்துபோனார். நேற்று என்றால் எல்லாம் முடிந்தது.

அப்போது அடுப்படி வாசலில் ஒரு குரல்.

“பத்தேகாலுக்கு... நல்லாத்தான்... இருந்தாரு.”

குழறிய குரல். டாக்டர் திரும்பினார். பச்சைச் சேலையில் ஒரு பெண் நின்றாள். உதட்டின் ஒரு ஓரம் தொங்கியிருந்தது. வலது கை அசையவே இல்லை.

மணி பத்து ஐம்பது.

“நிச்சயமாவா? நீங்க யாரு?”

“வீட்டுக்காரி. மோட்டர் சைக்கிளத்... தொடைச்சாரு. பாத்துக்கிட்டே... இருந்தேன்.”

இவளுக்கும் முன்பு வந்திருக்கிறது, பாவம், என்று டாக்டர் நினைத்தார்.

ஆனால்... புனிதா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“நீங்களும் வண்டியில ஏறுங்கம்மா.”

டாக்டர் மறுபடி திரும்பினார்.

சொட்... சொட்... குழாயில் தண்ணீர்.

வாசல் காலி.

தேட நேரமில்லை. முனியாண்டியைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு சிரம்பானுக்குப் பறந்தார்கள். ஆஸ்பத்திரியில், “வீட்டுக்காரி பார்த்த நேரம்” என்று டாக்டரே சொன்னார். தலையைப் படம் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை. ஊசி ஏறியது.

மறுநாள் முனியாண்டிக்குப் பேச்சு வந்தது.

“ஒங்க சம்சாரம் நேரம் சொல்லலன்னா ஊசி போட்டிருக்க மாட்டோம்யா. அவங்களையும் ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, நான் பாக்கறேன்.”

முனியாண்டி அவரையே பார்த்தார்.

“என்னா தாயி சொல்றீங்க? மாரியம்மா செத்து மூணு வருசம் ஆச்சே.”

டாக்டர் தான் பார்த்த பெண்ணைச் சொன்னார். பச்சைச் சேலை என்றார். தொங்கிய உதடு என்றார்.

“அதக் கட்டித்தான் அனுப்பி வச்சோம்...” முனியாண்டி அழுதார். “அவளுக்கும் இதே நோவு. நான் விடியக்காலம் அஞ்சரைக்கு வேலைக்குப் போனவன். சாப்பாட்டுக்கு வந்து பாத்தா அடுப்படில கெடந்தா. பதினோரு மணிக்கெல்லாம் இங்க கொண்டாந்துட்டேன். நீங்கதான் கேட்டீங்க, கடைசியா எப்ப நல்லா இருந்தாங்கன்னு. அஞ்சரைக்குன்னு சொன்னேன். நேரம் தாண்டிருச்சுன்னீங்க.”

டாக்டருக்கு அந்த முகம் நினைவில் இல்லை. எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி அது.

“பேச முடியல, ஆனா நீங்க கேட்டது அவ காதுல விழுந்துச்சு. எடது கையத் தூக்குனா, தாயி. அஞ்சு வெரல விரிப்பா. மடக்குவா. அப்பறம் நாலு. திரும்பத் திரும்ப. போய்ட்டு வர்றேன்னு கை காட்டுறான்னு நெனச்சி நானும் காட்டுனேன்.” மூக்கை உறிஞ்சினார். “வேற ஏதும் சொல்ல வந்தாளோ?”

அஞ்சும் நாலும்.

ஒன்பது மணி.

ஊசி போட நேரம் மிச்சம் இருந்திருக்கிறது.

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லய்யா,” என்றார். “போய்ட்டு வர்றேன்னுதான் சொல்லியிருப்பாங்க.”